வலப்பக்கம் விழாதவர்கள்

எட்டு மாதத்தில் ஒருத்தர்கூடப் படகோடு வலப்பக்கம் கவிழ்ந்ததில்லை. இடப்பக்கம் கவிழ்ந்ததற்கு அளவே கிடையாது. மூக்கில் தண்ணீர் ஏறி, ஹெல்மெட் கோணலாகி, இருமிக்கொண்டே எழுந்துவந்து மறுபடியும் போய்க் கவிழ்ந்தார்கள். வலப்பக்கம் மட்டும் யாரும் விழவில்லை. கலாமணி அதைத் தன் கோச்சிங் சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று காலை கோபியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போன வாரம் கரையிலிருந்து எடுத்த வீடியோக்களைப் போட்டுப் பார்க்கிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள். முதல் வீடியோ ஓடியதும் அது தன்னுடைய வீடியோ என்றே தோன்றியது. வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது, துடுப்பு முன்னால் போகாமல் இடுப்புக்குப் பின்னால் போய்ச் செருகியது, படகு ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு வேண்டாவெறுப்பாகத் திரும்பியது. நாம் எப்போது மஞ்சள் ஹெல்மெட் போட்டோம் என்று யோசித்தாள். அப்புறம்தான் அது சௌடேஸ்வரி என்று உறைத்தது. அடுத்த வீடியோவில் வேறொருத்தி, அதே முழங்கை. அதற்கடுத்த இரண்டிலும் அதே. நாலு பேர், நாலு உடம்பு, ஒரே முழங்கை. பக்கத்து சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள், "ஏனுங், ஒடம்புக்குச் சரியில்லீங்களா? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது" என்று கேட்டாள். இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிவிட்டு கலாமணி போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் மட்டும் என்ன, அது உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது.

இப்போது மணி ஒன்பதரை, அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் நிற்கிறாள். அணையில் ஞாயிற்றுக்கிழமை எட்டிலிருந்து பத்து வரைக்கும்தான் இவர்களுக்கென்று தண்ணீர் விடுவார்கள். பத்தடித்தால் மதகு இறங்கும், கால்மணி நேரத்தில் ஆறு வெறும் பாறையும் பாசியுமாக ஆகிவிடும். மற்ற மூன்று பேரும் காங்கேயத்தில் கல்யாணம் என்று போய்விட்டார்கள், வந்தது சௌடேஸ்வரி மட்டும். இருபத்தைந்து வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆறு நாள் நின்றுகொண்டே துணி புரட்டிவிட்டு ஏழாம் நாள் விடிவதற்கு முன் கிளம்பி வருகிற பெண். கலாமணிக்கு முப்பத்திரண்டு. ஏழு வயதுதான் வித்தியாசம், ஆனால் கோச் என்று ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வயது தானாக ஏறிவிடுகிறது. ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டி, அதில் இரண்டிரண்டாகக் குழாய்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த இரட்டைக் குழாய்தான் கேட். பச்சை என்றால் தண்ணீரோடு போய் நுழைய வேண்டும், சிவப்பு என்றால் தாண்டிப் போய், திரும்பி, கீழேயிருந்து மேலே ஏறி நுழைய வேண்டும். குழாயில் பட்டால் இரண்டு நொடி தண்டம். ஆறாவது கேட் சிவப்பு. வலப்பக்கத்துப் பெரிய பாறைக்குக் கீழே, தண்ணீர் சுழித்து மேல்நோக்கித் திரும்புகிற இடத்தில் தொங்குகிறது. அந்த மாதிரி இடத்தை இவர்கள் மறைவு என்பார்கள். ஓடுகிற தண்ணீரிலிருந்து மறைவுக்குள் திரும்புவதுதான் இந்த விளையாட்டின் உயிர். சௌடேஸ்வரி இப்போது ஐந்தாவது கேட்டைத் தாண்டிவிட்டாள், ஆறுக்கு வருகிறாள், இதோ வந்துவிட்டாள், முழங்கை விலாவோடு ஒட்டியது. படகு திகைத்தது. பார்க்காதே என்று கலாமணி தன்னிடமே சொல்லிக்கொண்டாள், பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

இடதுபக்கத்துச் சட்டைப்பையில் மடித்த காகிதம் இருந்தது. நாலு பெயர்கள். பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினால் பதினெட்டாம் தேதி தேர்வுப் போட்டிக்கு இந்த நாலு பேரும் போவார்கள். அது வேறு ஆறு, வேறு அணை, அங்கே தண்ணீர் இங்கே வருவதைப்போல இரண்டு மடங்கு. இந்தச் சாதுவான தண்ணீரில் இடுப்புக்குப் பின்னால் துடுப்பைச் செருகினால் படகு நிற்கும், ஒன்றரை நொடி போகும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் செருகினால் துடுப்பைத் தண்ணீர் இழுக்கும், துடுப்பு கையை இழுக்கும், உடம்பு முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை மட்டும் பின்னால் போகும். அப்போது என்ன ஆகும் என்று கலாமணிக்குத் தெரியும். கரையில் நிற்கிறவர்களிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும், அவளுடைய வலது தோளுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். குளத்தில், அசையாத தண்ணீரில். துடுப்பைக் கையால் இழுக்காதீங்க, இடுப்பைத் திருப்புங்க, இடுப்பு திரும்பினா கை தன்னால வரும். கால்கட்டைவிரல் பக்கத்துல குத்தோணும், இடுப்புகிட்ட வந்தவுடனே எடுத்துரோணும், அதுக்கு மேல இழுத்தா படகுதான் முங்கும். அகல வீச்சு என்றால் படகின் மூக்கிலிருந்து வால் வரைக்கும் அரைவட்டம் போட வேண்டும். அப்புறம் மறைவுக்குள் திரும்புகிற அந்தக் குத்து. துடுப்பை முன்னால், முழங்காலுக்கும் முன்னால், செங்குத்தாகத் தண்ணீரில் நட வேண்டும். நட்ட துடுப்பைப் பிடித்துக்கொண்டு படகு தானே சுற்றிக்கொள்ளும். வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சுற்றுவோமே, அதேதான். ஒவ்வொன்றையும் செய்து காட்டினாள். இடப்பக்கம் செய்து காட்டினாள். முன்னால் நட்டு, சாய்ந்து, சுற்றி, சுத்தமாக. அப்புறம், அதே மாதிரி இந்தப் பக்கமும் என்று சொல்லி, வலப்பக்கம் போகிறபோக்கில் ஒன்று போட்டுக் காட்டிவிட்டு, சரி யார் முதல்ல என்று விசில் ஊதிவிடுவாள். போகிறபோக்கில் போட்ட அந்த ஒன்றைத்தான் நாலு ஜோடிக் கண்களும் எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. வாய் சொன்னதை யார் கேட்டார்கள், கண்தானே கற்றுக்கொள்கிறது. வாயால் ஒரு பாடம் நடத்தி, முழங்கையால் இன்னொரு பாடம் நடத்தியிருக்கிறாள். முழங்கைதான் நல்ல வாத்தியார் போலிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வடக்கே பனி உருகி ஓடுகிற ஒரு ஆற்றில், ஒன்பதாவது கேட்டில். கை கொஞ்சம் உயரத்தில் இருந்தது, கொஞ்சம் பின்னாலும் இருந்தது, அவ்வளவுதான் தப்பு. அலை அடித்தபோது சத்தம் கேட்டது. வலிக்கு முன்னால் சத்தம். முருங்கைக்காயை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம், அதுவும் காதில் இல்லை, பல்லுக்குள். தலைகீழாகத் தண்ணீருக்கடியில் தொங்கிக்கொண்டு, படகை நிமிர்த்தக் கையைத் தேடினால் கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தண்ணீர் பச்சையாக, அழகாக இருந்தது. அந்த நேரத்தில் அழகைக் கவனித்த புத்தியை இன்றைக்கும் அவளால் மன்னிக்க முடியவில்லை. தோளைத் திரும்ப வைத்த டாக்டர், ஆறு மாசம் பயிற்சி செய், பழையபடி துடுப்புப் போடலாம் என்றுதான் சொன்னார். ஆறு மாசம் செய்தாள். தோள் சரியாகிவிட்டது. சரியாகாதது எதுவென்று எந்த எக்ஸ்ரேயிலும் விழவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், வயசாச்சுங்க, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறாங்க, இனி சொல்லிக்கொடுக்கலாம்னு இருக்கேன் என்றாள். மாப்பிள்ளையும் வரவில்லை, பொய்யும் போகவில்லை. பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடிப்பாள், கொடியில் துணியை இடது கையால் வீசுவாள், கேட் சுத்தமாகப் போனால் தூக்கிக் காட்டுகிற கையும் இடதுதான். யாரும் கேட்டதில்லை. இடதுகைப் பழக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கையெழுத்து வலது கையால் போடுவதை நாலு பேரும் பார்த்திருக்கிறார்களே, ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

விசில் ஊத மறந்துவிட்டாள். சௌடேஸ்வரி கீழே போய்க் கரையேறி, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறைகளின்மேல் தத்தித் தத்தி வந்தாள். முகமெல்லாம் தண்ணீர், கண்ணில் ஒரு சந்தோஷம். "அக்கா, டைம் எவ்வளவுங்க?" கலாமணி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள். அதை நிறுத்தவே இல்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "போன வாரத்துக்கு இது பரவால்ல" என்றாள். அந்தப் பொய்யும் சுலபமாகத்தான் வந்தது. சௌடேஸ்வரி சிரித்தாள். "ஆறுலதானுங்க்கா கொஞ்சம் நிக்குது. தண்ணி புடிச்சு நிறுத்துனாப்பல. ஆனா உழுகலீங்க." உழுகலை. விழவில்லை, அதுதானே. ஆமாம் கண்ணு, உழுகலை, இன்னொருக்கா போ என்றாள் கலாமணி. மஞ்சள் ஹெல்மெட் மேலே நடந்து போனது. அந்தப் பெண்ணின் வலது தோளில் படகு உட்கார்ந்திருந்தது. நல்ல தோள், அதன்மேல் ஒரு குறையும் இல்லை, அதற்கு எதையும் பயப்படத் தெரியாது. பயம் இல்லாத தோளுக்குப் பயந்த தோளின் பழக்கத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டிருக்கிறோம் என்று கலாமணி நினைத்தாள். துணி புரட்டுகிற கை அது. அந்தக் கை மூன்று மாசம் கட்டுப்போட்டுத் தொங்கினால் கம்பெனியில் அந்த இடத்துக்கு மறுநாளே வேறு கை வந்துவிடும்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? பதினெட்டாம் தேதிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. போட்டிக்கு முன்னால் பழக்கத்தைப் பிரித்தால் பழையதும் போய்ப் புதியதும் வராமல் நடுவில் நிற்பார்கள், இது எந்தக் கோச்சுக்கும் தெரியும், எந்தக் கோச்சும் இதைத்தான் சொல்வார். ஆகவே போட்டி முடியட்டும், அப்புறம் பொறுமையாகச் சரிசெய்யலாம். எவ்வளவு நியாயமாக இருக்கிறது. நியாயமாக இருப்பதுதான் உதைக்கிறது. மூன்று வருஷமாக அவள் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. காகிதத்தில் கையெழுத்தே போடாமல் விட்டுவிட்டால்? நாலு பேரும் ஏன் என்று கேட்பார்கள். இன்னும் தேறவில்லை என்று சொல்லலாம். தேறாதது அவர்களா? அந்தப் பழியையும் தூக்கி அவர்கள் தோளிலேயே வைக்கலாம், தோள்தான் நாலு இருக்கிறதே. சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பாறைமேல் குந்தியிருந்த ரங்கசாமி திரும்பிப் பார்த்தார். அணைக்குள் பரிசல் விட்டு மீன்பிடித்த மனுஷர், இப்போது இவர்களுக்குக் கயிறு வீசுகிற ஆள். யாராவது கவிழ்ந்து படகைவிட்டு வெளியே வந்தால் பைக்குள் சுருட்டிய கயிற்றைக் குறிபார்த்து வீசி இழுத்துவிடுவார். எட்டு மாதத்தில் ஒரு வீச்சு தப்பியதில்லை. "என்னுங் அம்முணி, யாரைத் திட்டுறீங்க?"

"யாரையுமில்லீங்கண்ணா. மணி என்னாச்சுங்க?"

"ஒம்பதே முக்கால் ஆகப்போவுது. இன்னொரு ரவுண்டு, மிஞ்சிப்போனா ரெண்டு." அவர் கயிற்றுப் பையை மடிமேல் வைத்துத் தட்டினார். பிறகு ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார், "ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. இந்த ஆறாவது கேட்டுகிட்ட நான் நிக்கறதே தண்டமாட்ட இருக்குது. ஒருத்தராச்சும் உழுகோணுமல்ல? அந்தப் பக்கம் மாஞ்சு மாஞ்சு உழுகறாங்க, இங்க ஒருத்தரும் உழுகறதில்லை. உழுகற அளவுக்கு யாரும் சாய மாட்டேங்கறாங்க."

கரையில் குந்தியிருக்கிற மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. வீடியோ எடுக்காமல், கோச்சிங் சர்ட்டிபிகேட் வாங்காமல். கலாமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது, எட்டு மாதமாகச் சொல்லாமல் இருந்தாரே என்று. சொல்லியிருந்தால் அவரிடம் எரிந்து விழுந்திருப்போம் என்பதும் கூடவே தெரிந்தது. மேலே நாலாவது கேட்டுக்குப் பக்கத்தில் சௌடேஸ்வரி படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தாள். கலாமணி விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள். நிறுத்து என்று அர்த்தம். அப்புறம் பாறைகளின்மேல் நடந்தாள், நடக்கும்போதே ஏன் நடக்கிறோம் என்று பயந்தாள், நிற்கவில்லை.

"எறங்கு கண்ணு. படகை எங்கிட்டக் குடு."

சௌடேஸ்வரியின் முகம் சட்டென்று வாடியது. "ஏனுங்க்கா? லிஸ்ட்ல பேரு இல்லீங்களா?"

"அதெல்லாமில்லை. ஒரு தடவை நான் போறேன். ஆறாவது கேட்டுக்கிட்டப் போய் நின்னு என்ற வலது கையை மட்டும் பாரு. மூஞ்சியப் பார்க்காதே."

மூஞ்சியைப் பார்க்காதே என்று ஏன் சொன்னோம்? மூஞ்சியில் எல்லாம் தெரியும் என்பதால்தான். படகு சௌடேஸ்வரியின் அளவுக்கு இருந்தது. அவள் ஒரு சாண் கூடுதல் உயரம், கால்மிதி எட்டவில்லை, கலாமணி நுனிவிரலால் அழுத்தி உட்கார்ந்தாள். ஹெல்மெட்டின் உள்பட்டை ஈரமாக நெற்றியில் ஒட்டியது, அதில் வேறொருத்தியின் தலையெண்ணெய் வாசனை. தண்ணீர் படகை எடுத்தது. அது முன்னால் கேட்டுவிட்டு எடுப்பதில்லை, அதுதான் தண்ணீர். இடுப்பைத் திருப்பு, கட்டைவிரல் பக்கத்தில் குத்து, எடு. உடம்பு மறக்கவில்லை, ஐயோ, எவ்வளவு சுலபமாக வருகிறது, அழுகை வரும் போலிருந்தது. ஐந்தாவது கேட்டில் பச்சைக் குழாய் காதோரம் போனது. இப்போது பாறை. பாறைக்குக் கீழே மறைவு, இரண்டு தண்ணீருக்கும் நடுவில் கயிறு முறுக்கியதுபோல அந்தக் கோடு. இடது வீச்சு ஒன்று, மூக்கு திரும்பியது. இப்போது வலது. முன்னால் நடு, முன்னால், முழங்காலுக்கு முன்னால், வாசல் நிலை மாதிரி, இதோ. கை போகவில்லை. போ என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முழங்கை விலாவில் வந்து ஒட்டிக்கொண்டது, துடுப்பு இடுப்புக்குப் பின்னால் போய்ச் செருகியது, பல்லுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. தோளில் ஒன்றும் ஆகவில்லை, சத்தம் மட்டும்தான். படகு திகைத்து நின்று, வேண்டாவெறுப்பாகத் திரும்பியது. கலாமணி மறைவுக்குள் மிதந்துகொண்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கினாள்.

கரையிலிருந்து சௌடேஸ்வரி சிரித்தாள். கள்ளமில்லாத, சந்தோஷமான சிரிப்பு. "அக்கா, அப்படியே என்னாட்டவே பண்றீங்க."

இதற்காகத்தான் படகில் ஏறினோம் போலிருக்கிறது என்று கலாமணி நினைத்தாள். "நான் உன்னாட்ட இல்லை கண்ணு. நீதான் என்னாட்ட பண்ணிட்டிருக்கறே. நீங்க நாலு பேருமே." சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, மூன்று வருஷம் யார் காதிலும் விழாமல் வைத்திருந்ததைக் கத்திச் சொன்னாள். "என்ற தோளு ஒருக்கா கழண்டு போச்சு. இந்தப் பக்கம்தான். அதுலருந்து பயம். கையை முன்னால நீட்டப் பயந்து முழங்கை ஒட்டிக்குது, துடுப்பு பின்னால போவுது. அதையப் பார்த்து நீங்க கத்துக்கிட்டீங்க. அது தப்பு. பெரிய தண்ணில இப்படிப் பண்ணினா உன்ற தோளும் கழண்டுரும். நான் சொல்லியிருக்கோணும். சொல்லலை."

சௌடேஸ்வரியின் சிரிப்பு நின்றது. அவள் கை தானாகத் தன் வலது தோளுக்குப் போய் அதைத் தொட்டது. ரங்கசாமி கயிற்றுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைப்பக்கம் சங்கு ஊதியது. மதகு இறங்குகிறது. பாறையில் ஈரக்கோடு ஒரு விரற்கடை மேலே தெரிந்தது. இன்னொரு தடவை போனால் கை வந்துவிடும் என்று கலாமணிக்குத் தோன்றியது. இவ்வளவு பக்கத்தில் அது மூன்று வருஷத்தில் வந்ததே இல்லை. மேலே தூக்கிப் போய், இறக்கி, ஒரே ஒரு தடவை. முன்னால் நட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, பழைய கலாமணி. ஈரக்கோடு இரண்டு விரற்கடை ஆகியிருந்தது. மிச்சமிருந்த தண்ணீர் ஒரு ஆளுக்குத்தான்.

அவள் கரைக்குத் துடுப்புப் போட்டு வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "என்னையப் பார்த்ததையெல்லாம் மறந்துரு. நான் வாயில சொன்னதை மட்டும் கேளு. முழங்காலுக்கு முன்னால நடு. துடுப்பு போற பக்கம் நெஞ்சையும் திருப்பு, கை மட்டும் தனியாப் போகக்கூடாது. நெஞ்சு கூடப் போனா தோளுக்கு ஒண்ணும் ஆகாது. நட்டுட்டு அது மேல சாஞ்சுக்க."

"உழுந்துருவனேங்க்கா."

"உழு."

சௌடேஸ்வரி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று கலாமணியால் கண்டுபிடிக்க முடியவில்லை, இருந்தால் அது நியாயம். பிறகு அவள் படகைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினாள், இந்தத் தடவை இடது தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். காங்கேயத்துக்குப் போன மூன்று பேரிடமும் இன்று சாயங்காலமே சொல்ல வேண்டும், ஒவ்வொருத்தராக, அதே வார்த்தையில். லிஸ்டை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, பன்னிரண்டுக்கு இன்னும் நேரமிருந்தது. மஞ்சள் ஹெல்மெட் வந்தது. நாலு, ஐந்து. பாறை. இடது வீச்சு. கலாமணியின் வலது முழங்கை கரையில் நின்றபடியே விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது. சௌடேஸ்வரியின் நெஞ்சு திரும்பியது, துடுப்பு முன்னால், நல்ல முன்னால், செங்குத்தாக இறங்கியது, படகு அதைச் சுற்றிக்கொண்டு சர்ரென்று மறைவுக்குள் வந்தது, எட்டு மாதத்தில் பார்க்காத வேகம். அவள் சாய்ந்தாள், இன்னும் சாய்ந்தாள், அளவுக்கு மேலே சாய்ந்து, வலப்பக்கமாகக் கவிழ்ந்தாள்.

படகின் வெள்ளை அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. கலாமணிக்கு அந்த ஒன்பதாவது கேட் தெரிந்தது. தலைகீழாக, பச்சைத் தண்ணீரில், கையைத் தேடிக்கொண்டு. ரங்கசாமி எழுந்து நின்றிருந்தார், கயிறு ஏற்கனவே காற்றில் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் ஹெல்மெட் மேலே வந்தது, இருமியது, கயிற்றைப் பிடித்தது. எந்தக் கை? தண்ணீர் தெறித்ததில் தெரியவில்லை. கலாமணி முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தாள், எப்போது இறங்கினோம் என்று தெரியாது.

"தோளு?" என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்கவில்லை. மறுபடியும் கேட்டாள். "சௌடி, தோளு?"

சௌடேஸ்வரி இடுப்பளவுத் தண்ணீரில் கால் ஊன்றி நின்றாள். மூக்கைச் சிந்தினாள். ஆறு அவளைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு தன் வலது கையைத் தலைக்கு மேலே, நேராக, போகிற உயரம் வரைக்கும் தூக்கிக் காட்டினாள்.